சுவல் தசையின் நாமகரணம்

ரைன் நதி மேற்கு நோக்கி ஓடிவந்து சட்டென்று வடக்கே திரும்புகிற முனையில் அமைந்த பேசல் நகரத்தில், 1543-ஆம் ஆண்டில், ஒப்போரினஸ் என்னும் அச்சுக்கூடத் தலைவர், அப்போது 28 வயதே நிரம்பியிருந்த ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ் என்ற பாதுவாக் கலாசாலைப் பேராசிரியர் இயற்றிய, மனித சரீரத்தின் அமைப்பை விளக்கும் ஏழு காண்டங்கள் கொண்ட பெருங்கிரந்தத்தை அச்சேற்றி வெளியிட்டார். அதே நகரத்தில், 352 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1895-இல், ஜெர்மானியச் சரீர சாஸ்திரிகளின் சங்கம் கூடி, உலகத்து வைத்தியக் கலாசாலைகள் யாவும் ஏற்கத் தக்கதென்று தான் கருதிய பெயர்ப் பட்டியல் ஒன்றுக்கு முத்திரையிட்டது. முதல் நிகழ்ச்சியின்போது எண்ணிட்டுச் சுட்டப்பெற்ற தசைகளுள் ஒன்றாக இருந்த முதுகுத் தசையொன்று, இரண்டாவது நிகழ்ச்சியில் டிரபீசியஸ் என்ற நாமத்தோடு நிரந்தரமாகப் பதிவு பெற்றது. பிடரியிலிருந்து முதுகின் பாதிக்கும் கீழே வரையில் நம் ஒவ்வொருவர்மேலும் போர்வைபோலப் படிந்திருக்கும் அந்தத் தசைக்கு இடைக்காலத்தில் வந்த பெயர்களையும், அவற்றை வைத்தவர்கள் எங்கே நின்று அதைப் பார்த்தார்கள் என்பதையும் ஆராய்வது, உடலைப் பற்றிய அறிவு எவ்வாறு சொல்லாக மாறுகிறது என்பதை அறிய விரும்புவோருக்குப் பயன் தருவதாகும்.

முதுகின் தோலையும் அதன்கீழுள்ள கொழுப்பையும் நீக்கியவுடன் கண்ணுக்கு முதலில் புலப்படுவது இந்தத் தசையே. பின்மண்டையில் விரல் வைத்துத் தடவினால் தட்டுப்படும் மேட்டிலும், அதன் பக்கத்தில் ஓடும் வளைகோட்டின் உட்பாகத்திலும் தொடங்கி, பிடரியின் நடுவே இறங்கும் தடித்த நாரையும், கழுத்து எலும்புகளுள் கடைசியானதும் தொட்டால் தெரியுமாறு புடைத்திருப்பதுமான ஏழாவது எலும்பின் முள்ளையும், அதன்கீழ் மார்புப் பகுதிக்குரிய 12 எலும்புகளின் முட்களையும் ஒன்றுவிடாமல் பற்றிக்கொண்டு, அவ்வளவு நீளத்திலிருந்தும் புறப்படும் இழைகள் தோளை நோக்கிக் குவிகின்றன. மேலிருந்து வருபவை சரிந்திறங்கிக் காறையெலும்பின் வெளிப்பாகத்திலும், நடுவிலுள்ளவை குறுக்காகச் சென்று தோளின் முகட்டிலும் தோள்பட்டை எலும்பின் வரம்பிலும், கீழிருந்து வருபவை ஏறிச்சென்று அவ்வரம்பின் உள்முனையிலும் சேர்கின்றன. ஒரே தசை, ஆயினும் மூன்று திசைகளில் இழுப்பது. மேலிழைகள் தோளை உயர்த்துகின்றன, நடுவிழைகள் தோள்பட்டைகளை ஒன்றையொன்று நெருங்கச் செய்கின்றன, கீழிழைகள் தாழ்த்துகின்றன. இவற்றைக் காட்டிலும் விசேஷமான தொழில் ஒன்று உண்டு. மேலிழைகளும் கீழிழைகளும், விலாப்புறத்திலிருந்து வரும் ரம்பப்பல் போன்ற மற்றொரு தசையோடு கூடி ஒரே சமயத்தில் இழுக்கும்போது, தோள்பட்டை எலும்பு சக்கரம்போலச் சுழன்று தன் குழியை மேல்நோக்கித் திருப்புகிறது. கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிடுவதும், மச்சிலிருந்து பாத்திரத்தை எடுப்பதும், தலை வாரிக்கொள்வதும் அந்தச் சுழற்சியினாலேயே முழுமையாகக் கைகூடுகின்றன.

வடிவத்தைக் கவனித்தால், ஒருபுறத்துத் தசை தனியாக முக்கோணமே. வலமும் இடமுமாக இரண்டையும் ஒருசேரப் பார்க்கும்போதுதான், உச்சியில் பின்மண்டை, பக்கங்களில் இரு தோள்கள், அடியில் முதுகின் நடுவுக்குக் கீழே ஒரு கூர்முனை என்று நான்கு மூலைகள் கொண்ட, சிறுவர் பறக்கவிடும் பட்டத்தை ஒத்த உருவம் தோன்றுகிறது. ஒருவன் தன் கண்ணால் தன்மீது காண முடியாத உருவம் அது. பிரேதத்தைக் குப்புறக் கிடத்தி, தோலை உரித்து, எட்ட நின்று நோக்குபவருக்கே அது புலப்படும். பெயர்கள் யாவும் அந்த நோக்கிலிருந்தே பிறந்தன.

கிறிஸ்து பிறந்தபின் இரண்டாம் நூற்றாண்டில், பெர்கமம் நகரத்தில் வாள்வீரர்களின் காயங்களுக்குச் சிகிச்சை செய்து தேர்ந்து, பின்னர் ரோமாபுரியில் பேரரசர்களுக்கு வைத்தியராக விளங்கிய கேலன் என்னும் கிரேக்கர், மனித உடலை அறுக்க வாய்ப்பில்லாத காலத்தில், குரங்குகளை அறுத்துத் தசைகளை விவரித்தார். அவர் தசைகளுக்குப் பெயர் சூட்டியது மிக அரிது. இந்த எலும்பில் பிறந்து அந்த எலும்பில் முடிவது, இந்த உறுப்பை அசைப்பவற்றுள் இத்தனையாவது என்று சொல்லிச் செல்வதே அவர் முறை. 1,300 ஆண்டுகளுக்கு மேற்பட்டு அவர் வாக்கே பிரமாணமாக இருந்தது. பாதுவாவில் தம் கையாலேயே மனிதப் பிரேதங்களை அறுத்துக் கேலனுடைய பிழைகளை எடுத்துக்காட்டிய வெசாலியஸ்கூட, தசைகளை எண்ணால் சுட்டும் பழக்கத்தைப் பெரும்பாலும் கைவிடவில்லை. ஆயினும் அவருடைய கிரந்தத்தில் எண்களுக்குத் துணையாக ஓவியங்கள் நின்றன. தோல் உரிக்கப்பெற்ற மனிதர்கள் இத்தாலிய மலைச்சாரலில் உயிருள்ளவர்போல நடையிட்டு நிற்கும் அச்சித்திரங்களுள், முதுகைக் காட்டி நிற்கும் வரிசையைத் திறந்து பார்ப்பவன் நம் தசையின் முழு விரிவையும் ஒரே பார்வையில் கண்டுகொள்வான். சொல் இல்லாத குறையைச் சித்திரம் தீர்த்துவைத்தது.

ஆனால் சித்திரத்தைச் சுமந்துகொண்டு ஒருவன் பாடம் சொல்ல முடியாது. ஒரே தசை ஒருவர் கணக்கில் இரண்டாவதாகவும் மற்றொருவர் கணக்கில் நான்காவதாகவும் வருமானால், மாணவன் எதைப் பற்றுவான்? இந்த இடர்ப்பாட்டை நன்குணர்ந்தவர், பாரிஸில் வெசாலியஸுக்கு ஆசிரியராயிருந்து பின்னர் அவருக்குப் பரம விரோதியாக மாறிய யாக்கோபஸ் சில்வியஸ் ஆவார். கேலனைக் குறைகூறிய மாணவனைப் பைத்தியக்காரன் என்று அச்சிலேயே வைத அந்த முதியவர், தசைகளுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டும் என்ற ஒரு விஷயத்தில் மாணவனைக் காட்டிலும் தொலைநோக்கு உடையவராக இருந்தார் என்பதை நாம் மறுக்கலாகாது. அவரைத் தொடர்ந்து, 17-ஆம் நூற்றாண்டில் அதே பாரிஸைச் சேர்ந்த ரியோலான் முதலியோர் வடிவத்தாலும் தொழிலாலும் இடத்தாலும் தசைகளுக்கு நாமகரணம் செய்தனர்.

நம் தசைக்கு இரண்டு பெயர்கள் போட்டியிட்டன. ஒன்று மேசையிலிருந்து வந்தது. மற்றொன்று துறவியின் உடையிலிருந்து வந்தது.

கிரேக்க மொழியில் டிரபேசா என்பது மேசை. நான்கு கால்களை உடையது என்பது அதன் மூலப்பொருள். நாணயம் மாற்றுவோர் கடைத்தெருவில் மேசை போட்டு அமர்ந்திருந்த வழக்கத்தினால், இன்றைய கிரேக்க தேசத்திலும் வங்கிக்கு அச்சொல்லே வழங்குகிறது. சிறு மேசை என்ற பொருளில் அதிலிருந்து பிறந்த டிரபேசியன் என்னும் சொல்லை, யூக்ளிட் தம் க்ஷேத்திர கணித நூலின் முதற்பகுதியில், சதுரம், நீள்சதுரம், சாய்சதுரம், இணைகரம் ஆகிய நான்கிலும் அடங்காமல் எஞ்சி நிற்கும் நாற்கோணங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக வைத்தார். ஒழுங்கில் அடங்காதவற்றின் பெயர் அது என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இரு தசைகளும் கூடிய உருவம், நான்கு மூலை உடையதாயினும் சதுரமுமன்று, சாய்சதுரமுமன்று. மேல்முனை சற்றுக் குட்டை, கீழ்முனை நெட்டை. யூக்ளிட் கருதிய பொருளில் டிரபீசியஸ் என்பது மிகப் பொருத்தமான பெயரே.

மற்றைப் பெயர் குகுல்லாரிஸ். லத்தீனில் குகுல்லஸ் என்பது ஐரோப்பியத் துறவியர் அங்கியின் கழுத்தோடு சேர்த்துத் தைக்கப்பெற்ற முக்காட்டுத் துணி. தலையை மூடாதபோது அது பின்னே தள்ளப்பெற்று, பிடரியிலிருந்து இரு தோள்களையும் தழுவி, முதுகின் நடுவே கூராகத் தொங்கும். 16-ஆம் நூற்றாண்டில் தோன்றிய கப்புச்சின் சபையாருக்கு அந்த முக்காட்டினாலேயே பெயர் ஏற்பட்டது. 1642-இல் சென்னைக் கோட்டைக்கு வந்து அங்கே தங்கிவிட்ட எப்ரேம் பாதிரியார் அந்தச் சபையைச் சேர்ந்தவராதலால், அவ்வுடையைச் சென்னைவாசிகள் அன்றே கண்டிருப்பார்கள். ஜெர்மானியர் இன்றும் இந்தத் தசையைத் தம் மொழியில் முக்காட்டுத் தசை என்றே வழங்குகின்றனர். என் அபிப்பிராயத்தில் இது மேசைப் பெயரைவிட நயமுடையது. ஏனெனில் மேசை மூலைகளை மட்டுமே சொல்கிறது, முக்காடோ அந்தத் தசை உடலின்மேல் எப்படிப் படிகிறது, எங்கே தொங்குகிறது, எதைத் தழுவுகிறது என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

அண்டைத் தசைகளின் பெயர்களும் இத்தகையனவே. தோளின் உருண்டையை மூடியிருப்பது கிரேக்க அரிச்சுவடியின் முக்கோண எழுத்தாகிய டெல்டாவினால் பெயர் பெற்றது. நம் தசைக்கு அடியில் முதுகெலும்புக்கும் தோள்பட்டைக்கும் இடையே கிடப்பது சாய்சதுரத்தின் பெயரை உடையது. கழுத்தைச் சுற்றிக் கட்டுத்துணிபோல் ஏறுவது கட்டுத்துணியின் பெயரையே கொண்டது. இவற்றிடையே, தோள்பட்டையை மேலே தூக்கும் மெல்லிய தசை ஒன்றுக்குப் பழைய லத்தீன் ஆசிரியர்கள் பொறுமைத் தசை என்று பெயரிட்டிருந்தார்கள். துன்பம் வரும்போது ஒன்றும் செய்ய இயலாதவன் தோளை உயர்த்திப் பொறுத்துக்கொள்ளும் சைகையை அவர்கள் அந்தத் தசையில் கண்டார்கள். பிரேதத்தின் உருவத்தை விட்டு, உயிருள்ள மனிதனின் நடத்தையைப் பார்த்து வைத்த அத்தகைய பெயர்கள் மிகச் சிலவே. பின்வந்த பட்டியல்கள் அதையும் நீக்கி, தூக்குவது என்ற தொழிற்பெயரோடு நிறுத்திக்கொண்டன.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர்களின் பெருக்கம் தாங்கவொண்ணாத பாரமாயிற்று. தேசத்துக்கு ஒரு பெயர், கலாசாலைக்கு ஒரு பெயர், கண்டவர் பெயரால் ஒரு பெயர் என்று, 5,000 உறுப்புகளுக்கு ஏறத்தாழ 50,000 நாமங்கள் வழங்கின. வியன்னாவில் வாழ்ந்த யோசெப் ஹிர்டல் என்னும் சரீர சாஸ்திரி, இப்பெயர்களின் பிறப்பையும் பிழைகளையும் ஆராய்ந்து 1880-இல் ஒரு தனிநூலே எழுதினார். பேசலில் பிறந்தவரான வில்ஹெல்ம் ஹிஸ் முன்னின்று நடத்திய ஆலோசனைகளின் முடிவாக 1895-இல் வெளிவந்த பட்டியல், ஓர் உறுப்புக்கு ஒரே பெயர் என்ற நியமத்தை வகுத்தபோது, முக்காட்டை விடுத்து மேசையைத் தெரிந்தெடுத்தது. 1935-இல் யேனா நகரத்திலும், 1955-இல் பாரிஸிலும், 1998-இல் வெளிவந்த சர்வதேசப் பட்டியலிலும் வேறு பல பெயர்கள் மாறினவாயினும் இது மாறவில்லை.

தசையின் பெயர் நிலைத்தது. ஆனால் அதற்கு அடிப்படையான கணிதச் சொல்லின் பொருள் நிலைக்கவில்லை. யூக்ளிடுக்கு உரையெழுதிய புரொக்ளஸ் என்பவர் ஐந்தாம் நூற்றாண்டிலேயே, ஒரு ஜோடி எதிர்ப்பக்கங்கள் மட்டும் இணையாக உள்ள நாற்கோணத்துக்கே டிரபேசியன் என்ற பெயரை ஒதுக்கினார். 1795-இல் ஹட்டன் என்ற ஆங்கிலக் கணிதர் தம் அகராதியில், இணைப்பக்கம் உள்ளதற்கும் இல்லாததற்கும் உரிய பெயர்களை இடம் மாற்றி வைக்க, ஆங்கிலேயர் பிற்பாடு பழைய வழக்குக்குத் திரும்பினர், அமெரிக்கர் திரும்பவில்லை. நம் பள்ளிக்கூடங்களில் சரிவகம் என்று கற்பிக்கப்படுவது புரொக்ளஸ் ஒதுக்கிய பொருளையே தாங்கி நிற்கிறது. ஆகவே இந்தத் தசையைச் சரிவகத்தசை என்று மொழிபெயர்க்கும்போது, அதில் இல்லாத இணைப்பக்கங்களை மாணவன் தேட நேருகிறது. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும், பொருள் தவறிப்போவதற்கு இது நல்ல உதாரணம்.

உருவத்தையே நோக்கிப் பெயரிட்டவர்கள் கவனியாது விட்ட அதிசயம் ஒன்று இந்தத் தசையின் நரம்பில் இருக்கிறது. முதுகுத் தசையாகையால் அதற்குரிய நரம்பு முதுகுத் தண்டிலிருந்து நேரே வரவேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அதை இயக்கும் நரம்பு, கழுத்துப் பகுதியின் தண்டுவடத்தில் பிறந்து, கீழிறங்காமல் மேலேறி, மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துவாரத்தின் வழியாக உள்ளே புகுந்து, அங்கே வேறொரு துவாரத்தின் வழியாக மீண்டும் வெளியேறி, கழுத்தின் பக்கவாட்டில் சரிந்து வந்து தசையின் அடிப்புறத்தை அடைகிறது. லண்டன் நகரத்து மாதாகோயில்களைக் கட்டிய கிறிஸ்டபர் ரென் என்பவர் எழுதிய சித்திரங்களோடு, 1664-இல் வெளியான மூளையைப் பற்றிய நூலில், தாமஸ் வில்லிஸ் என்னும் வைத்தியர் இந்த நரம்பைத் துணை நரம்பு என்று அழைத்தார். 1778-இல் ஜெர்மானியரான சோமரிங் மூளை நரம்புகளைப் பன்னிரண்டாக வகுத்தபோது அது பதினோராவதாக இடம் பெற்றது. இவ்வளவு சுற்றுவழி ஏன் என்ற கேள்விக்குப் பதில் மீன்களிடம் கிடைத்தது. சுறா முதலியவற்றில், தலையையும் செவுள்களையும் முன்துடுப்பின் எலும்பு வளையத்தோடு பிணைக்கும் தசையொன்று உண்டு. நம் முதுகுத் தசையும், காதுக்குப் பின்னிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் கழுத்துத் தசையும் அதன் வழித்தோன்றல்கள். தலைக்கு உரிய தசை முதுகுவரை பரந்துவிட்டபோதும், நரம்பு தன் பழைய வாசலை விட்டுக்கொடுக்கவில்லை. மீன்களிலுள்ள அந்த மூலத்தசைக்கு ஆராய்ச்சியாளர் இன்றளவும் வழங்கும் பெயர் குகுல்லாரிஸ் என்பது, பேசல் சபையார் ஒதுக்கிய முக்காடு வேறொரு வாசல் வழியே திரும்பி வந்ததைக் காட்டுகிறது.

இந்த நரம்பைப் பற்றிய அறிவு ஏட்டறிவோடு நிற்பதன்று. கழுத்தின் பக்கவாட்டில் அது தோலுக்கு மிக அருகில் செல்வதால், கண்டமாலைக் கட்டிகளைச் சோதிப்பதற்காக அங்கே வைக்கப்படும் சிறு கத்திக்கும் அது பலியாகக்கூடும். 1906-இல் அமெரிக்கரான ஜார்ஜ் கிரைல், கழுத்திற் பரவிய புற்றுநோயை அகற்றும் பெரிய சஸ்திர சிகிச்சையை முறைப்படுத்தியபோது, நோய்க்கட்டிகளோடு இந்த நரம்பையும் நீக்குவதே வழக்கமாயிற்று. உயிர் பிழைத்தவர்களின் தோள் ஒருபுறம் சரிந்து தொங்கியது; கையைத் தோள்மட்டத்துக்குமேல் தூக்க இயலவில்லை; ஓயாத வலி அவர்களை வாட்டியது. 1960-களில் அர்ஜெண்டினா தேசத்து ஆஸ்வால்டோ சுவாரெஸும், அவர் வழியைப் பின்பற்றிய இத்தாலியரும், நரம்பைக் காப்பாற்றிக்கொண்டே நோயை அகற்றும் முறையைப் பரப்பினார்கள். தலை வாரிக்கொள்ளும் சக்தியை எத்தனையோ பேருக்கு மீட்டுத் தந்த அந்தப் பொறுமையான கைவேலையை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

பாரத தேசத்தில் சுசுருத சம்ஹிதை பேசிகள் என்ற பெயரால் 500 தசைகளைக் கணக்கிட்டது: கைகால்களில் 400, நடுவுடலில் 66, கழுத்திலும் அதற்கு மேலும் 34. அவற்றுக்கு இடமும் தொகையும் சொன்னதே தவிர, ஒவ்வொன்றுக்கும் நாமம் சூட்டவில்லை. ஆனால் அடிபட்டால் தீங்கு தரும் மர்மஸ்தானங்களுக்குப் பெயர் வைத்தது. கழுத்துக்கும் புயத்துக்கும் நடுவே அம்சம் என்றும், தோள்பட்டையின் பக்கத்தில் அம்சபலகம் என்றும் அது குறிப்பிடும் இடங்கள் நம் தசை மூடியிருக்கும் பகுதியிலேயே அமைகின்றன. முன்னதில் அடிபட்டால் கை விறைக்கும், பின்னதில் அடிபட்டால் கை மரத்துச் சூம்பும் என்பது அதன் எச்சரிக்கை. உருவத்தைக் கண்டு பெயரிட்ட ஐரோப்பியர்போலன்றி, ஆபத்தைக் கண்டு பெயரிட்ட மரபு இது.

ஐரோப்பிய சரீர சாஸ்திரம் தமிழில் வந்தது யாழ்ப்பாணத்தின் வழியாக. அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்தில் 1822-இல் பிறந்து, 1847-இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் பிஸ்க் கிரீன், தமிழருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் துணிந்தவர். சரீர அமைப்புக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலுக்குச் சுகரணவாதம் என்றும் அவர் காலத்தில் வழங்கிய சொற்களை இன்று படிக்கும்போது, பரிபாஷை சமைத்தவர்களின் உழைப்பு கண்முன் நிற்கிறது. ஹென்றி கிரே 1858-இல் லண்டனில் வெளியிட்ட சரீர சாஸ்திர நூல், 1872-இல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரோடு தமிழில் வெளிவந்தது. அந்த மூலநூலின் 363 சித்திரங்களையும் எழுதிய கார்ட்டர் என்பவர், நூல் வெளியான வருஷத்திலேயே இந்திய வைத்தியப் பணியை ஏற்றுப் பம்பாய்க்கு வந்து, மதுரைப் பாதம் என்று மேனாட்டார் அழைத்த பூஞ்சணநோயை ஆராய்ந்து பெரும்புகழ் பெற்றார். தசைகளுக்குப் பெயர் சேர்த்தெழுதிய கை, நம் ஊர்ப்பெயரை உடைய நோயையும் எழுதியது. கிரீன் 1884-இல் காலமானபோது, தமிழருக்குத் தொண்டு செய்த வைத்திய ஊழியர் என்னும் கருத்துப்பட எழுதிய கல்லே வூஸ்டரில் அவர் கல்லறைமேல் நாட்டப்பெற்றது.

தமிழில் இந்தத் தசையின் இடத்துக்கு மிகப் பழைய சொல்லொன்று உண்டு. அது சுவல். பிடரி, தோளின் மேற்பாகம், முதுகு ஆகிய மூன்றையும் அகராதிகள் அதற்குப் பொருளாகத் தருகின்றன. குதிரையின் பிடரிமயிருக்கும் மேட்டுநிலத்துக்கும்கூட அது வழங்கும். மூன்று தனித்தனி இடங்கள் ஒரு சொல்லில் எப்படி அடங்கின என்று வியப்பவன், மேலே விவரித்த தசையின் எல்லைகளை ஒருமுறை நினைவில் கொண்டால், அம்மூன்றையும் ஒரே தசைதான் மூடியிருக்கிறது என்பதைக் காண்பான். புறநானூற்றின் 139-ஆம் பாட்டில், நாஞ்சில் வள்ளுவனை நாடிச் செல்லும் கூத்தர் கூட்டத்து இளைஞர்கள், மூட்டைகள் பலவற்றைக் காவிவந்தமையால் சுவல் அழுந்தினவர்களாக மருதன் இளநாகனாரால் காட்டப்படுகிறார்கள். முதுகைப் பின்னின்று பார்த்தவர் அல்லர், அதன்மேல் பாரத்தைத் தாங்கினவரே அந்தச் சொல்லுக்கு உரியவர்.

உற்சவ காலத்தில் வைஷ்ணவ ஆலயங்களில் பெருமாளை எழுந்தருளப் பண்ணும் சிறு வாகனம் ஒன்றுக்குத் தோளுக்கினியான் என்று பெயர். ஸ்ரீபாதந்தாங்கிகள் அதன் தண்டை வைத்துக்கொள்வது தோளின் உருண்டையின்மேல் அன்று, கழுத்துக்கும் தோளுக்கும் இடையே சரியும் சரிவில். தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே மேலிழைகள் மெத்தைபோல் நின்று பாரத்தை ஏற்கின்றன. வீதி திரும்பும் இடத்தில் நிலை நிறுத்தி, முன்னவரும் பின்னவரும் ஒரே குரலில் ஒருவருக்கொருவர் சொல்லி, வலச்சுவலில் இருந்த தண்டை இடச்சுவலுக்கு மாற்றிக்கொண்டு மேலே நடக்கிறார்கள்.